முகத்துக் குடித்தனக்காரர்கள்

பல்கலைக்கழக விலங்கியல் துறையில் அவளுக்கு 'மூக்கு மேடம்' என்று பெயர். மாணவர்கள் வைத்ததுதான். ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள், கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் மூக்கையும் நெற்றியையும் கொஞ்சம் காட்டச் சொல்லிக் கேட்கிறவள் என்பதால் வந்த பெயர். அவள் காதுக்கும் எட்டியிருந்தது, ஆனால் கோபப்படவில்லை. அதே துறையில் நாடாப்புழுவைக் கட்டிக்கொண்டு அழுகிற பேராசிரியர் ஒருவருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் மூக்கு எவ்வளவோ தேவலை என்று தோன்றும்.

அவளுடைய ஆராய்ச்சி மனித முகத்தில் குடியிருக்கும் உண்ணியைப் பற்றியது. 'சீ, எனக்கெல்லாம் அப்படி ஒன்றும் கிடையாது' என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். வளர்ந்த மனிதர்களில் அநேகமாக எல்லோருக்கும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவன் மயிர்க்காலுக்குள் தலைகீழாகப் புகுந்துகொண்டு, அங்கே ஊறுகிற எண்ணெய்ப் பசையைத் தின்று, அங்கேயே குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, இரண்டு மூன்று வாரத்தில் அங்கேயே செத்தும் போகிறது. அதில் இரண்டு இனம். நீளமானது மயிர்க்காலில் இருக்கும். குட்டையானது இன்னும் உள்ளே, எண்ணெய்ச் சுரப்பியில் இருக்கும். மாடிக் குடித்தனம், கீழ்க் குடித்தனம் மாதிரி. பெரும்பாலும் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை, வாடகை தருவதில்லை என்பதைத் தவிர.

இதைப் பிடிக்கும் வழியும் சுலபம். நுண்ணோக்கியில் வைக்கிற கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுப் பசை விட்டு நெற்றியில் அழுத்த வேண்டும். பசை காய்ந்ததும் மெல்ல உரித்தால், மயிர்க்காலில் இருந்ததெல்லாம் சில்லோடு வந்துவிடும். உரிக்கும்போது மாணவர்கள் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்துவார்கள். வலியெல்லாம் ஒன்றும் இல்லை, நடிப்புதான்.

"கை குலுக்கினா இது பரவாது. பஸ்ல பக்கத்துல உக்காந்தா வராது. முகத்தோட முகம் நல்லா ஒட்டி இருக்கணும்," என்று ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்வாள். "பிறக்கும்போது நமக்கு ஒண்ணுமே இருக்காது. அம்மா கன்னத்துல இருந்து வரும். அப்புறம் நாம யாரோட கன்னத்துல கன்னம் வெக்கிறமோ, அவங்ககிட்ட இருந்து வரும். அதனால உங்க முகத்துல இருக்கிறதோட வம்சத்தைப் பாத்தா, நீங்க யார்கிட்ட ஒட்டிக்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லிடலாம்."

கடைசி பெஞ்சில் இரண்டு முகம் சட்டென்று சிவக்கும், மற்றதெல்லாம் சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவள் அடுத்த படத்தைப் போடுவாள்.

அவள் கன்னத்தோடு கன்னம் வைக்க யாரும் இல்லை. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கணவன் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அப்பா, அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்கா இருக்கிறாள், வெகு தூரத்தில், தன் குடும்பத்தோடு. மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்து, "தனியா கெடந்து என்னடி பண்றே?" என்று கேட்பாள். அவள் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போடும், பேச்சு முடிந்துவிடும்.

வீட்டில் இரண்டு அறை. சாப்பாட்டு மேஜைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் அவள் உட்காருவாள், மற்ற மூன்றிலும் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். சனி, ஞாயிறு முழுக்க வாயைத் திறக்காமலே இருந்துவிட்டு, திங்கள்கிழமை காலை வகுப்பில் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். தண்ணீர் குடித்துக்கொள்வாள். மேடத்துக்குச் சளி போல என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் அவள் எடுத்துக்கொண்ட வேலை, குடும்பங்களில் உண்ணி எப்படிக் கைமாறுகிறது என்று பார்ப்பது. அம்மா, பிள்ளை, புருஷன், பெண்டாட்டி என்று வீடு வீடாகப் போய் நெற்றிகளை ஒட்டி எடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, பல வருஷமாகத் தனியாக இருக்கிற ஒரு ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆளின் முகத்தில் தாய்வழி வந்த ஒரே வம்சம்தான் மிஞ்சியிருக்கும் என்பது அவள் கணக்கு. ஆளைத் தேடி எங்கே போவது? கண்ணாடி முன்னால் நின்று தன் நெற்றியில் தானே சில்லை ஒட்டிக்கொண்டாள். தாய்வழி எது என்று ஒப்பிட, அக்காவையும் ஒரு சில்லு ஒட்டித் தபாலில் அனுப்பச் சொன்னாள்.

மரபணு ஆய்வகத்தில் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவர். வாய் ஓயாத மனுஷர். ஒரு வாரம் கழித்துத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"மேடம், உங்க சாம்பிள் கலந்துபோச்சு. திரும்ப எடுத்துக் குடுங்க."

"எதோட கலந்துச்சு?"

"அது தெரியல. ரெண்டு வம்சம் காட்டுது. ஒண்ணு உங்களோடது, உங்க அக்கா அனுப்பின சாம்பிளோட அச்சு அசலா பொருந்துது. இன்னொண்ணு யாரோடதோ. வேற யார் சில்லையோ தொட்ட கையோட தொட்டிருப்பீங்க."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது, தன் மேலேயே. கை சுத்தம் பற்றி மாணவர்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்கிறவள் தானே இப்படியா? கையை உரசி உரசிக் கழுவி, புதுப் பசை, புதுச் சில்லு எடுத்து, யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து மறுபடி எடுத்தாள். மறுபடியும் இரண்டு வம்சம். மூன்றாவது தடவை வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனாள். அதிலும் இரண்டு.

"மேடம், இது கலந்தது இல்ல," என்றார் அவர். "உங்க முகத்துல நெஜமாவே இன்னொருத்தரோடது குடியிருக்கு."

சொல்லிவிட்டுத்தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தாளை மேஜையில் வைத்துவிட்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி போய்விட்டார்.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவனின் சட்டைகளைக் கொடுத்தாகிவிட்டது. செருப்பைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. தலையணையில் இருந்த வாசனைகூட முதல் வருஷத்திலேயே போய்விட்டது. அதற்காக அவள் தலையணையோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள். அவனுடையது என்று உயிரோடு எதுவும் இந்த உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்று தன் மூக்கின் இரண்டு பக்கத்திலும் பிள்ளை, பேரன், எள்ளுப்பேரன் என்று ஏழு வருஷமாகப் பெருகிக்கொண்டு கிடந்திருக்கிறது. ஆய்வகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். அழும்போதுகூட முகத்தை அழுத்தித் துடைக்கவில்லை.

வந்த வினை என்னவென்றால், அவளுக்குக் கொஞ்ச நாளாகவே இமை அரித்துக்கொண்டிருந்தது. காலையில் கண் ஒட்டிக்கொள்ளும். இமை மயிர் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அவள் அதை வயசு என்று ஆறப்போட்டிருந்தாள். கண் டாக்டர் ஒரு மயிரைப் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு, அவளையே கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்களுக்குத் தெரியாததா? ஒரே முடியில ஏழெட்டு இருக்கு. சாதாரணமா தொந்தரவு பண்ணாது, உங்களுக்கு எல்லை மீறிடுச்சு. கருவிழி வரைக்கும் புண்ணாக ஆரம்பிச்சிருக்கு. இமைக்கு ஒரு மருந்து, முகத்துக்கு ஒரு களிம்பு, கூடவே மாத்திரை. ஆறு வாரம் விடாம போட்டீங்கன்னா மொத்தமா தொடைச்சுப் போட்டுடும்."

"மொத்தமாவா?"

"மொத்தமா. சந்தோஷப்படுங்க."

மருந்து வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. தினமும் சாப்பிடும்போது அவளும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சத்தைப் பிடித்து வெளியே வைத்துக் காப்பாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முகத்தை விட்டு எடுத்தால் ஒரு நாளிலேயே காய்ந்து போய்விடும் ஜாதி அது. சில்லில் ஒட்டிப் பெட்டியில் வைக்கலாம், பிணமாக. பிணம் அவளுக்கு வேண்டாம்.

அடுத்த தடவை டாக்டர் கேட்டபோது, "போட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று வாய் கூசாமல் சொன்னாள். படித்தவள் பொய் சொன்னால் டாக்டரே நம்பிவிடுகிறார். வீரியம் பத்தவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் காரமான களிம்பாக எழுதிக் கொடுத்தார். அதுவும் வந்து மேஜையில் உட்கார்ந்துகொண்டது.

கண் மட்டும் யார் பொய்யையும் நம்பவில்லை. ஒருநாள் செய்முறை வகுப்பில் ஒரு மாணவி தன் சில்லைக் காட்டி இனம் என்னவென்று கேட்டாள். அவள் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்து, "குட்டை இனம்" என்றாள்.

"மேடம், வால் நீளமா இருக்கே?" என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி.

மறுபடி பார்த்தாள். கலங்கல் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மூன்றாம் தடவை பார்த்தபோதுதான் வால் தெரிந்தது. நீளமானதுதான். முதல் வருஷப் பிள்ளைகள்கூடத் தவறவிடாத வால். "ஆமாம், நீ சொன்னதுதான் சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள். முதுகுக்குப் பின்னால் வகுப்பு ஒரு நிமிஷம் கப்சிப்பென்று இருந்தது. அவர்கள் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

கண் போனால் வேலை போகும், வேலை போனால் அவளுக்கு மிச்சம் அந்த நாற்காலித் துணிகள்தான். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அன்று சாயங்காலம் மேஜை முன்னால் உட்கார்ந்து தனக்குத் தானே நியாயம் பேசினாள். அது அவனுடையதுதான் என்று யார் சொன்னது? கல்லூரி விடுதியில் ஒரே போர்வையில் சுருண்டு கிடந்த அறைத்தோழியுடையதாக இருந்தால்? அந்தக் கடன்காரியுடைய உண்ணிக்காகவா கண்ணைக் கெடுத்துக்கொள்வது? அவளுடையது என்று தெரிந்தால் இந்த நிமிஷமே களிம்பைப் பூசிக்கொள்ளலாம். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. அவனுக்கு அது வந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அவனுடைய அம்மாவின் முகத்தில்.

அங்கேதான் அவள் போவதில்லை. அவன் இறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னாலும் அத்தை கேட்டாள்: "கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்ன இனம்னு கண்டுபிடிக்கிறவளுக்கு, பக்கத்துல இருந்தவனுக்கு என்ன வியாதின்னு தெரியலையா?" ரத்தத்தில் வந்த வியாதி அது, தெரிந்தபோதே முற்றியிருந்தது. டாக்டர்களே கையை விரித்த கேஸ். அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் ஏற்கெனவே கேட்டிருந்தாள். அதனால்தான் அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அத்தையும் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு பஸ் மாறிப் போனாள். அத்தைதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். மூக்குக்கண்ணாடி தடித்திருந்தது. பின்னால் டிவி ஆளில்லாத அறைக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

"வா," என்றாள், நேற்றுத்தான் வந்து போனவளைக் கூப்பிடுகிற மாதிரி. "செருப்ப உள்ள போடு, நாய் தூக்கிட்டுப் போயிடும்."

டீ வந்தது. குடித்தார்கள். பேச ஒன்றும் இல்லாததால் இரண்டு பேரும் டிவியைப் பார்த்தார்கள். கடைசியில் அவள் பையைத் திறந்தாள்.

"அத்தை, ஒரு ஆராய்ச்சிக்கு. உங்க நெத்தியில இந்தச் சில்ல ஒரு நிமிஷம் ஒட்டி எடுத்துக்கட்டுமா? வலிக்காது."

"ஏழு வருஷம் கழிச்சு என் நெத்தியப் பாக்கத்தான் வந்தியா?"

அத்தை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். உதிர்ந்த இமையையும் சிவந்த கண்ணையும் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நெற்றியைக் காட்டினாள். அந்தச் சுருங்கின தோலில் சில்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கையில் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஏழு வருஷத்தில் தானாகத் தேடிப் போய்ச் சொந்தக்காரர் ஒருவரைத் தொட்டது இதுதான்.

முடிவு வந்தது. இரண்டாவது வம்சம் அத்தையுடையதேதான். விடுதித் தோழி தப்பித்தாள். ஆனால் மரபணுக்காரர் தாளைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"மேடம், இந்த சாம்பிள்லயும் ரெண்டு இருக்கு. இன்னொண்ணு உங்களோடது. உங்க அம்மா வழி. அந்தம்மா முகத்துல உங்களோடதும் குடியிருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி போனாள். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்கவில்லை. உண்ணி, வம்சம், கண், மேஜை மேல் இருக்கிற மருந்து, டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தை டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"உன்னோடது எப்படி என் மூஞ்சிக்கு வந்துச்சு?"

"அவர் மூலமா வந்திருக்கலாம், அத்தை. அவர் உங்க பக்கத்துல படுத்துக்கும்போது..."

"அவன் எங்க என் பக்கத்துல படுத்தான், எட்டாங் கிளாஸுக்கு அப்புறம்?" அத்தை யோசித்தாள். "ஐ.சி.யு. வாசல்ல ஒரே ஒரு பெஞ்சு போட்டிருந்தாங்களே, ஞாபகம் இருக்கா? அத்தன நாளும் நீயும் நானும் அதுலதானே கெடந்தோம். நீ என் தோள்ல சாய்வே, நான் உன் தலையில சாய்வேன். மூஞ்சியோட மூஞ்சி ஒட்டிக்கிட்டுத் தூங்குவோம். நர்ஸ் வந்து எழுப்பும்போது உன் கன்னத்துல என் கம்மல் அச்சு இருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெஞ்சு அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கடைசி நாளில் கேட்ட ஒரு வார்த்தையை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டு, அதற்கு முந்தின நாட்களையெல்லாம் தொலைத்திருந்தாள்.

"அப்படின்னா," என்றாள் மெதுவாக, "என் மூஞ்சில இருக்கிறது அவர்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது, அத்தை. அந்தப் பெஞ்சுல உங்ககிட்ட இருந்தே வந்திருக்கலாம். ரெண்டும் ஒரே வம்சம். பிரிச்சுக் கண்டுபிடிக்கவே முடியாது."

"உன் மெஷினாலயும் முடியாதா?"

"முடியாது."

அவனே தன்னோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் கண்ணைக் கொடுத்தாள். இப்போது அதுவும் நிச்சயம் இல்லை.

அத்தைக்கு இந்த நுணுக்கமெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "அவனுக்கு இருந்ததே நான் குடுத்ததுதானே," என்றாள். "இதுல என்ன உன்னுது, அவனுது, என்னுது? மொதல்ல மருந்தப் போடு. கண்ணு போச்சுன்னா அந்தப் பழியும் என் தலையிலதான் விழும்."

"போட்டா எல்லாம் போயிடும், அத்தை."

"உன் மூஞ்சில இருக்கிறதுதானே போகும்? என்கிட்ட இருக்குல்ல. கிழவி மூஞ்சி முழுக்க இருக்கும், யாருக்கு வேணும் இது? உனக்கு வேணும்னா வந்து வாங்கிக்கோ."

கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. அத்தை கப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது; ஒரு கப்பைக் கழுவ அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை.

அவள் அன்றைக்கே மருந்தை ஆரம்பித்தாள். களிம்பு நெருப்பாக எரிந்தது. எரியும்போது கண்ணை மூடிக்கொண்டு, இதோ போகிறார்கள், இதோ போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். ஆறு வாரமும் ஒரு வேளை தவறவில்லை. இமை ஆறியது. வால் வாலாகத் தெரிந்தது. டாக்டர் பாராட்டினார். எல்லாம் முடிந்ததும் நெற்றியில் ஒரு தடவை, கன்னத்தில் ஒரு தடவை, மூக்கில் ஒரு தடவை சில்லை ஒட்டி எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. எத்தனையோ ஆயிரம் முகத்தைப் பார்த்தவள், இப்படித் துடைத்துவிட்ட முகத்தைப் பார்த்ததில்லை. பிறந்த குழந்தைக்கு மட்டுமே இப்படி இருக்கும், இன்னும் யாரும் எடுத்து முத்தம் கொடுக்காத குழந்தைக்கு. அம்மா வழி வந்ததும் போயிருந்தது. நுண்ணோக்கி விளக்கை அணைக்காமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வராந்தாவில் மாணவர்கள் சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறினாள். வழி நெடுக, போய் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கண் குணமானதைச் சொல்ல வந்தேன் என்று சொல்லலாம். இன்னொரு சாம்பிள் வேண்டும் என்று சொல்லலாம். அறிவுள்ள எவளும் செய்கிற காரியம் இல்லை இது. எந்த டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. கதவு திறந்ததும் ஒத்திகை எல்லாம் மறந்துபோனது.

"அத்தை, எல்லாம் போயிடுச்சு. ஒண்ணுகூட இல்ல," என்றாள்.

அத்தை அவள் கண்ணை ஒரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு, இடிக்காமல் இருக்கட்டும் என்று, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டிவி மேல் வைத்தாள்.